குப்பை எரிகிறது, நஞ்சு பிறக்கிறது!

தலைநகர் தில்லியில் நாளொன்றுக்குச் சேரும் குப்பை சுமார் 11 ஆயிரம் டன். காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா ஆகிய மூன்று இடங்களில் பல பத்தாண்டுகளாகக் கொட்டிக் குவித்ததில், குப்பை மேடுகள் குப்பை மலைகளாகவே வளர்ந்துவிட்டன. இந்த மலைகள் மேலும் வளராமல் தடுக்க ஆட்சியாளர்கள் பெரிதும் நம்பும் வழி, எரிப்பது. ஓக்லா, காஜிப்பூர், நரேலா-பவானா, தெகண்ட் என நான்கு இடங்களில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைகள் நிறுவப்பட்டுள்ளன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்பது அரசின் வாதம். குப்பையும் ஒழிகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. ஆனால், மூன்றாவதாகவும் ஒன்று கிடைக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. அதன் பெயர் டையாக்சின்.

தில்லியின் காற்று மாசு பற்றி ஆண்டுதோறும் குளிர்காலத்தில் பெரும் விவாதம் எழுகிறது. நுண்துகள்களின் அளவு மணிக்கொரு முறை அறிவிக்கப்படுகிறது. பள்ளிகள் மூடப்படுகின்றன, கட்டுமானப் பணிகள் நிறுத்தப்படுகின்றன. பஞ்சாப், ஹரியாணா விவசாயிகள் வைக்கோலை எரிப்பது பற்றி உச்ச நீதிமன்றமே கேள்வி எழுப்புகிறது. இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத, மணமற்ற, நாள்தோறும் அளக்கப்படாத ஒரு நஞ்சு மட்டும் விவாதத்துக்கு வெளியிலேயே நிற்கிறது. அளக்கப்படாதது அறிவிக்கப்படுவதில்லை, அறிவிக்கப்படாதது அரசியல் ஆவதில்லை.

யாரும் தயாரிக்காத நஞ்சு

டையாக்சின் என்பது ஒரே ஒரு வேதிப்பொருள் அன்று. டையாக்சின், ஃபியூரான் ஆகிய இரு குடும்பங்களிலும் சேர்த்து 210 சேர்மங்கள் உள்ளன. அவற்றுள் 17 மிகக் கொடியவை. இவற்றை விற்பனைக்காக எந்தத் தொழிற்சாலையும் தயாரிப்பதில்லை. கரிமப் பொருளும் குளோரினும் சேர்ந்து எரியும்போது இவை தாமாகவே உருவாகின்றன. பி.வி.சி. குழாய், மின்கம்பியின் மேலுறை, செயற்கைத் தோல், மருத்துவமனைக் குழாய்கள், ஏன், உப்புக் கலந்த உணவுக் கழிவுகூட குளோரினைத் தருகிறது. நகரக் குப்பையில் இவை அத்தனையும் உண்டு.

இதன் பிறப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 850 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் போதிய நேரம் எரிந்தால் டையாக்சின் சிதைந்துவிடும். ஆனால், உலையிலிருந்து வெளியேறும் வாயு குளிர்ந்துகொண்டே புகைபோக்கியை நோக்கிச் செல்லும்போது, சுமார் 450 முதல் 200 டிகிரி வரையிலான வெப்பநிலையில், சாம்பல் துகள்களின் மீது அது மீண்டும் உருவெடுக்கிறது. சாம்பலில் உள்ள தாமிரம் அதற்கு வினையூக்கியாக அமைகிறது. எனவே, "எங்கள் உலை அதிக வெப்பத்தில் எரிகிறது" என்று சொல்வது பாதி விடைதான். வாயுவை நொடியில் குளிர்விக்கவேண்டும்; கரித்தூளைத் தூவி நஞ்சை உறிஞ்சவேண்டும்; துணிப்பை வடிகட்டியில் துகள்களைப் பிடிக்கவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நஞ்சு வெளியேறும்.

நகரக் குப்பை எரியூட்டியின் சாம்பலில் டையாக்சின் இருப்பதை நெதர்லாந்து விஞ்ஞானிகள் 1977-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டு, 1976 ஜூலையில், இத்தாலியின் செவெசோ நகருக்கு அருகே ரசாயன ஆலையில் நேர்ந்த விபத்தில் டையாக்சின் மேகம் குடியிருப்புகளின் மீது படர்ந்தது. குழந்தைகளின் முகமெல்லாம் கொப்புளங்கள் வெடித்தன. வியத்நாம் போரில் அமெரிக்க விமானங்கள் காடுகளின் மீது தெளித்த களைக்கொல்லியில் கலந்திருந்ததும் இதே நஞ்சுதான். அதன் விளைவுகள் குறித்த வழக்குகளும் வாதங்களும் தலைமுறை கடந்தும் ஓயவில்லை.

உலக சுகாதார அமைப்பின் அங்கமான பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, டையாக்சின்களுள் மிகக் கொடியதான டி.சி.டி.டி.யை 1997-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புற்றுநோய் மட்டுமல்ல, நோய் எதிர்ப்பு ஆற்றல், இயக்குநீர்ச் சுரப்பு, கருவிலிருக்கும் சிசுவின் வளர்ச்சி ஆகியவற்றையும் இது பாதிக்கிறது. உடலில் உள்ள கொழுப்பில் தங்கிவிடும் இந்த நஞ்சின் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் வரை ஆகும். இன்று உள்ளே போனதை அடுத்த பத்தாண்டிலும் சுமக்கவேண்டியதுதான்.

மூக்கு வழியாக அல்ல, வாய் வழியாக

புகைபோக்கியைப் பார்த்து அஞ்சுவோர் பெரும்பாலும் மூச்சுக்காற்றைப் பற்றியே நினைக்கின்றனர். ஆனால், மனித உடலில் சேரும் டையாக்சினில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டது உணவு வழியாகவே வருகிறது என்கிறது உலக சுகாதார அமைப்பு. காற்றில் கலந்த நஞ்சு புல்லில் படிகிறது. புல்லை மாடு தின்கிறது. மாட்டின் கொழுப்பில் சேர்ந்தது பாலில் இறங்குகிறது. இறைச்சி, முட்டை, மீன் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆலைக்கு அருகில் வசிக்காதவரும் இதிலிருந்து தப்ப இயலாது என்பதே இதன் பொருள்.

இதற்கு ஐரோப்பாவில் சான்று தேடவேண்டிய அவசியம் இல்லை. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து, ஆசிய நாடுகளின் திறந்தவெளிக் குப்பை மேடுகளை ஒட்டி வாழும் தாய்மார்களின் பாலை ஆராய்ந்தனர். அவற்றுள் சென்னை பெருங்குடியும் ஒன்று. அங்கு வாழ்ந்த தாய்மார்களின் பாலில் டையாக்சின் வகைச் சேர்மங்கள், பிற பகுதிகளில் இருப்போரைவிட அதிகமாகக் காணப்பட்டன. குப்பை மேட்டை ஒட்டிய பகுதியின் மாட்டுப் பாலே இந்நஞ்சு உடலில் சேரும் வழியாக இருக்கக்கூடும் என்று 2004-இல் வெளியான அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. இதனால் தாய்ப்பாலைத் தவிர்க்கவேண்டும் என்று பொருளல்ல. தாய்ப்பாலுக்கு ஈடில்லை என்பதில் மருத்துவ உலகம் உறுதியாகவே உள்ளது. தவிர்க்கவேண்டியது தாய்ப்பாலை அல்ல, குப்பை மேட்டில் எழும் புகையை.

இருபத்தோரு நாள் பாடம்

தில்லிக்குக் குப்பை மின்சாரம் புதிதல்ல. 1987-இல் டென்மார்க் உதவியுடன் திமார்ப்பூரில் நாளொன்றுக்கு 300 டன் குப்பையை எரிக்கும் ஆலை ஒன்று கட்டப்பட்டது. அது ஓடியது சுமார் 21 நாள்கள் மட்டுமே. காரணம் எளிது. டென்மார்க்கின் குப்பை வேறு, தில்லியின் குப்பை வேறு. இங்கே வீட்டிலிருந்து வருவதில் பாதிக்கும் மேல் காய்கறித் தோலும் மிச்சச் சோறும். அதோடு தெருப் புழுதியும் இடிபாட்டு மண்ணும் கலந்துவிடுகின்றன. எரியும் தன்மையுள்ள காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் குப்பை பொறுக்கும் தொழிலாளர்கள் முன்னரே பிரித்தெடுத்துவிடுகின்றனர். ஈரக் குப்பை எரியவில்லை; ஆலை மூடப்பட்டது.

அந்தப் பாடத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. 2012-இல் ஓக்லாவில் 16 மெகாவாட் திறனுள்ள ஆலை இயங்கத் தொடங்கியது. சுக்தேவ் விகார், ஹாஜி காலனி போன்ற குடியிருப்புகள் அதற்குக் கூப்பிடு தூரத்தில் உள்ளன. அனுமதி பெற்றது ஒரு தொழில்நுட்பத்துக்கு, நிறுவப்பட்டது வேறொன்று என்று குற்றம் சாட்டிய குடியிருப்போர் 2009-லேயே தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியிருந்தனர். வழக்கு 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. தீர்ப்பு வந்தது 2017 பிப்ரவரியில். கடந்த காலத்தில் விதிமுறைகளைப் பின்பற்றத் தவறியதற்காக ஆலை நிர்வாகம் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்ற தீர்ப்பாயம், ஆலை தொடர்ந்து இயங்கவும் அனுமதித்தது.

எட்டு ஆண்டு வழக்கின் முடிவு இது. ஆலை ஓடத் தொடங்கிய பிறகு மக்கள் சுவாசித்த காற்றுக்கும் உண்ட உணவுக்கும் விதிக்கப்பட்ட விலை 25 லட்சம் ரூபாய்!

ஈரக் குப்பைக்கும் டையாக்சினுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஈரம் மிகுந்த குப்பை உலைக்குள் செல்லும்போது வெப்பம் தணிகிறது. எரிதல் முழுமை பெறாமல் போகிறது. அரைகுறை எரிதல் டையாக்சினுக்கு உகந்த சூழல். குப்பையைத் தரம் பிரிக்காமல் உலையில் தள்ளுவது நிர்வாகக் குறைபாடு மட்டுமன்று. அது நஞ்சு உற்பத்தி.

அளவுகோல் எங்கே?

2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள், எரியூட்டிகளின் புகையில் ஒரு கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் நச்சுச் சமானம் வரை மட்டுமே டையாக்சினும் ஃபியூரானும் இருக்கலாம் என்று வரம்பு வகுத்தன. ஒரு கிராமின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு! ஐரோப்பிய நாடுகளின் வரம்பும் இதுவே. காகிதத்தில் இந்தியா எவருக்கும் சளைத்ததல்ல.

ஆனால், இதை அளப்பது எப்படி? தூசு, கந்தக டையாக்சைடு, ஹைட்ரஜன் குளோரைடு போன்றவற்றைப் புகைபோக்கியிலேயே கருவி பொருத்தி நொடிக்கு நொடி அளக்கலாம். டையாக்சினை அவ்வாறு உடனுக்குடன் அளக்க இயலாது. பல மணி நேரம் புகையை உறிஞ்சி மாதிரி எடுத்து, உயர் நுட்பக் கருவிகள் கொண்ட ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். அத்தகைய ஆய்வகங்கள் இந்தியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. செலவும் அதிகம். விளைவு, ஆண்டில் ஓரிரு முறை, சில மணி நேரம் எடுக்கப்படும் மாதிரியே ஆலையின் நடத்தைச் சான்றிதழாகிவிடுகிறது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அவற்றுள் எட்டு மணி நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்ற நேரமும் எல்லாம் சரியாகவே இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதிலும், உலையை மூட்டும்போதும் அணைக்கும்போதும்தான் டையாக்சின் மிகுதியாக வெளியேறுகிறது. அப்போது யாரும் மாதிரி எடுப்பதில்லை. ஆய்வுக்கு அதிகாரிகள் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால், அன்று நல்ல குப்பை எரியும். கரித்தூளும் தாராளமாகத் தூவப்படும். தேர்வு நாளன்று மட்டும் படிக்கும் மாணவனை நாடு முழுவதும் முதல் மதிப்பெண் கொடுத்துப் பாராட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மாற்று வழி இல்லாமல் இல்லை. புகைபோக்கியிலேயே உறிஞ்சுகருவியைப் பொருத்தி, இரண்டு வாரங்களுக்கு இடைவிடாமல் மாதிரி சேகரித்து, பின்னர் ஆய்வகத்தில் அளக்கும் முறை பெல்ஜியத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் உள்ளது. மூட்டுவதும் அணைப்பதும் பழுதும் எல்லாமே அந்த மாதிரியில் பதிவாகிவிடும். ஏய்ப்பதற்கு இடமில்லை. இந்த முறையை இங்கே கட்டாயமாக்க என்ன தடை?

நீலச் சாயம்

கடிவாளத்தை இறுக்கவேண்டிய நேரத்தில் அதைத் தளர்த்தும் வேலையே நடந்திருக்கிறது. மாசு ஏற்படுத்தும் அளவைப் பொறுத்துத் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், 2025-இல் 'நீலம்' என்ற புதிய பிரிவை உருவாக்கியது. சுற்றுச்சூழலுக்கு இன்றியமையாத சேவை செய்பவை என்ற பெயரில் குப்பை மின்சார ஆலைகளும் இந்தப் பிரிவுக்குள் கொண்டுவரப்பட்டன. நீலப் பிரிவுக்கு ஊக்கமாக இயக்க அனுமதியின் காலம் நீட்டிக்கப்படுகிறது. சாயத்தை மாற்றினால் புகை மாறிவிடுமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். திறந்தவெளியில் குப்பையை எரித்தால் 5 ஆயிரம் ரூபாய், பெருமளவில் எரித்தால் 25 ஆயிரம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால், தில்லிக் குளிரில் இரவெல்லாம் நின்று காவல் காக்கும் வாயிற்காவலரும், சருகைக் கூட்டித் தீ மூட்டும் துப்புரவுத் தொழிலாளியும்தான் இதில் எளிதில் சிக்குகின்றனர். அவர்கள் எரிப்பதிலும் பிளாஸ்டிக் உண்டு, டையாக்சின் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், ஏழையின் நெருப்பு குற்றம், ஆலையின் நெருப்பு சேவை என்றால் அது என்ன நியாயம்?

ஆலை ஆதரவாளர்களின் வாதம்

இவ்விடத்தில் ஆலை ஆதரவாளர்களின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்கவேண்டும். குப்பை மலைகள் தாமாகவே பற்றி எரிகின்றனவே, அதிலிருந்து வரும் டையாக்சினுக்கு வடிகட்டி எங்கே என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். 2017 செப்டம்பரில் காஜிப்பூர் குப்பை மலை சரிந்து இருவர் மாண்டனர். 2022-இல் காஜிப்பூரும் பல்ஸ்வாவும் அடுத்தடுத்துப் பற்றி எரிந்தன. 2024 ஏப்ரலில் காஜிப்பூர் மீண்டும் எரிந்தது. 2023 மார்ச்சில் கேரளத்தின் கொச்சி நகரம் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கின் புகையில் பத்து நாள்களுக்கும் மேலாகத் திணறியது. கொச்சி மாநகராட்சிக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. முறையாக இயங்கும் எரியூட்டியைவிடத் திறந்தவெளித் தீ பலமடங்கு கொடியது என்பதில் ஐயமில்லை. வியன்னா, பாரிஸ் போன்ற நகரங்களில் எரியூட்டிகள் மக்களுக்கு நடுவிலேயே இயங்குகின்றன என்பதும் உண்மை.

ஆனால், 'முறையாக இயங்கும்' என்ற சொல்லில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. வியன்னாவின் எரியூட்டியை மட்டும் காட்டினால் போதாது. வியன்னாவின் குப்பைத் தொட்டியையும், வியன்னாவின் கண்காணிப்பையும் சேர்த்துக் காட்டவேண்டும். மேலும், குப்பை மலையா, புகைபோக்கியா என்று மக்களை இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பிழை. குப்பையில் பாதிக்கும் மேற்பட்ட ஈரக் கழிவை உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றினால், மலையும் வளராது, உலைக்கும் வேலை குறையும். இதைச் செய்யாமல், நாள்தோறும் இத்தனை டன் குப்பை தருவோம் என்று ஆலைகளுக்கு நீண்டகால ஒப்பந்தம் எழுதிக்கொடுத்த மாநகராட்சி, குப்பையைக் குறைக்க எப்படி முன்வரும்? பசித்த உலைக்குத் தீனி போடவே நேரம் சரியாக இருக்கும். குப்பை பொறுக்கிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பும் அந்த உலைக்கே இரையாகும்.

வடிகட்டி பிடித்த நஞ்சு மறைந்துவிடுவதும் இல்லை. புகையில் இருந்தது சாம்பலுக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்தச் சாம்பலைத் தனியே, பாதுகாப்பான நிலத்தில் அடைத்து வைக்காவிட்டால், காற்று வழி வரவிருந்த நஞ்சு மண் வழியாகவும் நீர் வழியாகவும் வந்து சேரும்.

ஜப்பான் காட்டிய வழி

1990-களில் உலகிலேயே அதிக எண்ணிக்கையில் குப்பை எரியூட்டிகளை வைத்திருந்த நாடு ஜப்பான். மக்களின் கொந்தளிப்பைக் கண்ட அரசு 1999-இல் டையாக்சினுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. காற்று, நீர், மண் மூன்றுக்கும் வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. தரமற்ற சிறு எரியூட்டிகள் மூடப்பட்டன. அளவீடுகளை ஆலைகள் அரசுக்குத் தெரிவிப்பதும், அரசு அவற்றை மக்களுக்கு வெளியிடுவதும் கட்டாயமாயின. 1997-ஐ ஒப்பிட 2003-க்குள் டையாக்சின் வெளியேற்றம் 90 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இந்த நஞ்சைக் கட்டுப்படுத்த இயலும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இயலாதது தொழில்நுட்பம் அல்ல, இல்லாதது மனம்.

டையாக்சின் உள்ளிட்ட, அழியாது நீடிக்கும் நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006 ஜனவரியில் ஏற்று உறுதி செய்தது. அது உலகுக்குக் கொடுத்த வாக்கு. சொந்த மக்களுக்குக் கொடுத்த வாக்கு, நலமான வாழ்வுக்கான உரிமையையும் உள்ளடக்கியதாக உச்ச நீதிமன்றம் விளக்கம் தந்த அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு. இரண்டையும் காப்பாற்ற வேண்டுமானால் செய்யவேண்டியவை தெளிவாகவே உள்ளன.

எல்லாக் குப்பை மின்சார ஆலைகளிலும் இடைவிடாத மாதிரிச் சேகரிப்பைக் கட்டாயமாக்கவேண்டும். முடிவுகளை ஆலை வாசலிலும் வாரியத்தின் இணையதளத்திலும் மக்கள் மொழியில் வெளியிடவேண்டும். ஆலைகளைச் சுற்றியுள்ள மண்ணையும், பாலையும், முட்டையையும் ஆண்டுதோறும் ஆய்வு செய்யவேண்டும். வீட்டு வாசலிலேயே குப்பையைத் தரம் பிரிப்பதை உறுதி செய்யாத மாநகராட்சிக்குப் புதிய எரியூட்டிக்கான அனுமதியே தரக்கூடாது. குளோரின் கலந்த பிளாஸ்டிக் எதுவும் உலையை எட்டக்கூடாது. மருத்துவக் கழிவுக்கான 2016-ஆம் ஆண்டு விதிகள், குளோரின் கலந்த பிளாஸ்டிக் பைகளையும் கையுறைகளையும் கைவிடச் சொன்னதை, நகரக் குப்பைக்கும் விரிவுபடுத்துவதில் தவறென்ன?

தில்லியின் அனுபவம் தில்லியோடு முடிந்துவிடுவதன்று. ஹைதராபாதின் ஜவாஹர் நகரில் குப்பை மின்சாரம் வந்துவிட்டது. சென்னை கொடுங்கையூரில் எரியூட்டி அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றனர். ஏற்கெனவே அனல் மின் நிலையங்களையும் சுத்திகரிப்பு ஆலைகளையும் சுமக்கும் பகுதி அது. காஜிப்பூர் ஆனாலும் கொடுங்கையூர் ஆனாலும், நகரத்தின் குப்பை எல்லாம் ஏழைகள் வாழும் மூலைக்கே சென்று சேர்வது தற்செயல் அன்று.

ஒரு விபத்தில் பலர் மாண்டால் அரசுகள் பதறுகின்றன, விசாரணைக் குழு அமைகிறது, இழப்பீடு அறிவிக்கப்படுகிறது. டையாக்சின் அப்படிக் கொல்வதில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவருக்கு வரும் புற்றுநோய், எந்தப் புகைபோக்கியில் பிறந்தது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க இயலாது. அந்த இயலாமைதான் ஆலைகளுக்கும் ஆட்சியாளர்களுக்கும் இன்றுவரை கிடைத்துள்ள மிகப்பெரிய பாதுகாப்பு. நோய் வந்தபின் நிரூபிக்க முடியாத குற்றத்தை, நடக்கும்போதே அளந்து தடுப்பது ஒன்றுதான் மக்களுக்கு உள்ள பாதுகாப்பு. அந்த அளவுகோலை மறுக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை.